மோப்பமும் பிஸ்கட்டவே மான்களும்

உடம்பில் மனித வாடையே இல்லாமல் வாழ்ந்து காட்டுகிறேன் என்று கிளம்பிய தமிழன் இந்த உலகத்திலேயே ஒருவன்தான். அவன் என் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் குடியிருந்தான். அது என் தலையெழுத்து.

அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் மோப்பம். நாங்கள் என்றால், தொண்ணூறுகளின் நடுவில் நியூ ஜெர்சி பிஸ்கட்டவேயில் எங்கள் தெருவில் இருந்த ஏழு தமிழ்க் குடும்பங்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதைச் சொன்னால் ஏழில் ஆறு வீட்டுக்கு ஆள் யாரென்று தெரியாது. கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரன். நாற்பது வயது. கம்ப்யூட்டர் வேலை. ‘ங்க’ போடாமல் ஒரு வாக்கியத்தை முடிக்க மாட்டான். எந்நேரமும் தலையை நிமிர்த்தி மூக்கால் காற்றை உறிஞ்சி உறிஞ்சி இழுப்பான். கல்யாண வீடானாலும் இழவு வீடானாலும் அப்படித்தான். இவ்வளவு வருடம் ஆகியும் அவனை நினைத்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சண்டைக்கு மூலகாரணம் மான். மான் என்றதும் உங்களுக்கு அதன் கண் ஞாபகம் வரும். எனக்கு அதன் பல் ஞாபகம் வரும். வீட்டுக்குப் பின்னால் வெண்டை இருபத்திரண்டு, கத்தரி பதினான்கு, மிளகாய் ஒன்பது, அவரைக்கொடி ஆறு போட்டிருந்தேன். நான் மருந்துக் கம்பெனியில் தரப் பரிசோதனையில் முப்பது வருடம் மாத்திரை எண்ணியவன். எண்ணாமல் எனக்கு எதுவும் ஓடாது. அவரை பூ விட்டு, பிஞ்சு பிடித்து, நாளை மறுநாள் பறிக்கலாம் என்று இருந்தபோது, காலையில் எழுந்து பார்த்தால் மிளகாய் ஒன்பது. மற்றதெல்லாம் பூஜ்யம். நடுவில் நான்கு மான்கள் நின்று என்னையே பார்த்தன. ‘இவ்வளவுதானா, வேறு இல்லையா’ என்று கேட்கிற பார்வை.

நான் செருப்பைக் கழற்றி வீசினேன். ஒரு மான் அதை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுக்கியது. வேலிக்கு அந்தப் பக்கம் மோப்பம் நின்றுகொண்டிருந்தான்.

“ஏனுங்க சார், இத்தனை கறி சும்மா திரியுது, நீங்க செருப்பெடுத்து வீசறீங்க?”

“வேற என்ன பண்ணச் சொல்ற? கும்பிடச் சொல்றியா?”

“பேசாம இருங்க சார். நானொண்ணு அடிச்சுப் போட்டுர்றேன்.”

“எதால அடிப்ப? துடைப்பத்தாலயா?”

“வில்லுலதானுங்க.”

நான் சிரித்தேன். நாங்கள் முட்டைகூடத் தொடாத குடும்பம். ஆனால் அந்தக் காலை நேரத்தில், மொட்டையாக நின்ற ஆறு அவரைக் கம்புகளைப் பார்த்துக்கொண்டு, “அடி. ஒண்ணையாவது அடி” என்று என் வாயால் சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டான் பாவி.

அவன் செய்த முதல் அக்கிரமம் இது: வகுப்புக்குப் போனான், பரீட்சை எழுதினான், லைசென்ஸ் எடுத்தான், கப்பியும் கம்பியுமாக ஒரு வில்லை வாங்கினான். பிறகு சாவகாசமாக வந்து சொல்கிறான், ஊருக்குள் வீடுகளுக்குப் பக்கத்தில் அம்பு விடச் சட்டம் அனுமதிக்காதாம். வடமேற்கே ஒன்றரை மணி நேரம் காரில் போனால் மலைக்காடு. அரசாங்க நிலம். அங்கே யாரும் வேட்டையாடலாமாம்.

“என் அவரையைத் தின்ன மான் இங்க இருக்குய்யா! நீ எங்கயோ மலையில போய் அடிச்சா அது வேற மானு!”

“மானு மானுதானுங்களே சார்.”

“திருட்டு பிஸ்கட்டவேயில, தூக்குத் தண்டனை மலையிலயா? எந்த ஊர் நியாயம் இது?”

“ஒரு இதுக்குத்தானுங்க சார். மனசு ஆறும் பாருங்க.”

என் மனசு ஆறவில்லை. அவனுக்கும் முதல் வருடம் எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்கிற மாதிரியா அவன் வேட்டையாடினான்? அங்கே ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்குத் தடை. ஆபீஸ் போகிறவனுக்குச் சனிக்கிழமை மட்டும்தான். அந்தச் சனிக்கிழமைகளில் மலை உச்சியில் ஒரு மரத்தில் இரும்பு நாற்காலியைக் கட்டி ஏறி உட்கார்ந்துகொள்வான். ஏன் உச்சி என்று கேட்டால், “வியூ நல்லா இருக்குமுங்க” என்றான். ஒருநாள் மேலேயே தூங்கிச் சரிந்து, பாதுகாப்புப் பட்டையில் மூட்டை போலத் தொங்கியிருக்கிறான். இன்னொரு நாள் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நேர் கீழே மான் வந்து நின்றது. ஒரு கையில் டப்பா, ஒரு கையில் கரண்டி. வில் கிளையில் தொங்குகிறது. மான் நிதானமாக மேலே பார்த்துவிட்டுப் போயிற்று என்று அவனே வெட்கமில்லாமல் சொன்னான்.

அடுத்த வருடம் அவனுக்கு ஞானம் பிறந்தது. வகுப்பு நடத்திய கிழவர் சொல்லியிருந்தாராம், மானின் கண்ணுக்கு எதிரில் அசையாமல் இருந்துவிடலாம், மூக்கிலிருந்து மட்டும் தப்ப முடியாது என்று. மலையில் காற்று ஒரு மாதிரி நடக்கும். வெயில் ஏறும்போது சரிவில் மேலே ஏறும். சாயங்காலம் குளிர்ந்ததும் தண்ணீர் மாதிரி கீழே வழியும். அந்தக் காற்று நம் வாடையை எங்கே கொண்டுபோகிறதோ அங்கே மான் இருக்கக் கூடாது. இதைக் கேட்ட மற்றவர்கள் நாற்காலியை மாற்றிக் கட்டினார்கள். மோப்பம் குடும்பத்தையே மாற்றிக் கட்டினான்.

செப்டம்பர் பிறந்ததும் வீட்டில் பெருங்காயம் தடை. பூண்டு தடை. ஊதுபத்தி தடை. தாளிப்பு அறவே தடை. வேட்டைத் துணிகளைச் சமையல் சோடாவில் துவைத்து, காட்டிலிருந்து அள்ளி வந்த சருகோடு சேர்த்துக் கறுப்புப் பையில் கட்டி வைத்தான். தேங்காய் எண்ணெய் இல்லை, பவுடர் இல்லை, வாசனை சோப்பு இல்லை. அவன் மகளுக்கு எட்டு வயது. தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும். “அப்பா எப்படிம்மா இருக்கார்?” என்று கேட்டேன். “ஹீ ஸ்மெல்ஸ் லைக் எ பேஸ்மென்ட்” என்றாள். ஈரம் பிடித்த நிலவறை வாடையாம்.

தாளிக்க இடமில்லாமல் அவன் மனைவி செல்வி சாம்பார்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். “ஆன்ட்டி, ஒரு நிமிசம், கடுகு மட்டும் போட்டுக்கறேன்.” என் மனைவி கமலாவுக்குப் பேச்சுத்துணை கிடைத்த சந்தோஷம். தினமும் என் அடுப்பில் இரண்டு வீட்டுத் தாளிப்பு. இருமல் மட்டும் எனக்கு.

கமலாவும் சளைத்தவள் இல்லை. நவராத்திரி வந்தது. அவன் கெராஜில் குறிபார்த்துப் பழக ஒரு நுரை மான் வைத்திருந்தான், நிஜ மான் அளவுக்கு. இவள் அதை இரவல் வாங்கி வந்து கொலுப் படிக்குக் கீழே, பார்க்கில் நிறுத்திவிட்டாள். நெஞ்சில் நாற்பத்தொரு ஓட்டை. வந்தவர்கள் எல்லாம் அதன் எதிரில் உட்கார்ந்து பாடிவிட்டுச் சுண்டல் வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு மாமி, “இதுக்கு ஏதாவது புராணக் கதை உண்டா?” என்று என்னைக் கேட்டாள். “உண்டு, இன்னும் முடியல” என்றேன்.

கோயிலிலும் மானம் போயிற்று. காற்றின் திசை பார்க்க ஏதாவது நைசான பொடி வேண்டும். கொஞ்சம் தூவினால் எந்தப் பக்கம் போகிறதென்று தெரியும். மோப்பம் அதற்கு விபூதியைத் தேர்ந்தெடுத்திருந்தான். சந்நிதியில் குருக்கள் கையில் கொடுத்ததைப் பூசிக்கொள்ளாமல் விரலிடுக்கில் தூக்கிப் பிடித்து மெதுவாக உதிர்த்தான்.

“சார், அது பிரசாதம்” என்றார் குருக்கள்.

“தெரியுமுங்க சாமி. ஏஸி காத்து எந்தப் பக்கம்னு பார்க்கறேனுங்க.”

“சந்நிதியில என்னய்யா வேட்டை?” என்று நான் அவன் தோளைப் பிடித்துத் தள்ளினேன். சாமி கும்பிட வந்தவர்கள் என்னைத்தான் முறைத்தார்கள். அவன் முகம் அப்படி. எதைச் செய்தாலும் பச்சைக் குழந்தை மாதிரி இருப்பான். பழி என் மேல் விழும்.

கடைசியில் செல்வி பொறுமை இழந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு டிரைவ்வேயில் வைத்து, என் முன்னாலேயே, அவனை நிறுத்தித் தீர்ப்புச் சொன்னாள்.

“அங்கிள், நீங்களே கேளுங்க. ஒன்றரை மாசமா எங்க வீட்டுல கடுகு வெடிக்கல. போன வருசமும் வெறுங்கையோடதான் வந்தாரு. தீபாவளிக்குள்ள மான் வரோணும். வரலீன்னா வில்லு, அம்பு, நாற்காலி, அந்த ரப்பர் மானு அத்தனையும் கெராஜ் சேல். அப்புறம் காடுங்கற பேச்சே வரக்கூடாது.”

மோப்பத்தின் முகம் சுண்டிவிட்டது. தீபாவளிக்கு இரண்டு சனிக்கிழமைதான் இருந்தது. “செல்வி, ரெண்டுதான் இருக்குது கண்ணு…”

“எண்ணத் தெரியுதுல்ல? போதும். அங்கிள், நீங்களும் கூடப் போங்க. நெஜமாவே காட்டுக்குத்தான் போறாரா, இல்ல எங்காவது பார்க்கிங் லாட்ல தூங்கிட்டு வர்றாரான்னு எனக்குத் தெரியோணும். நீங்க சொன்னா நம்பறேன்.”

“நானா? மரத்துல ஏறவா?”

“நீங்கதானே அங்கிள் ‘அடி’ன்னீங்க?”

சனிக்கிழமைப் பகல் பன்னிரண்டு மணிக்கு அவன் காரில் உட்கார்ந்தேன். என் மங்கி குல்லாயைச் சோடாவில் துவைத்து ஈரத்தோடு மாட்டிவிட்டான். காபி குடித்திருந்ததால் வழியெல்லாம் ஜன்னலைத் திறந்து வைத்தான். ஃப்ரீவேயில், அக்டோபர்க் குளிரில், ஈரக் குல்லாயோடு ஒன்றரை மணி நேரம். நான் பேசிய வார்த்தைகளை இந்தப் பத்திரிகை அச்சிடாது.

காட்டில் செங்குத்தான சரிவு. சருகில் கால் வழுக்குகிறது. முழங்கால் இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது. பாதிச் சரிவில் ஓர் ஓக் மரத்தில் அவன் ஏறிக்கொண்டான். கொஞ்சம் கீழே ஒரு பாறை மறைவில் மடக்கு நாற்காலியைப் போட்டு என்னை உட்கார வைத்தான். “அசையாதீங்க சார். இருமாதீங்க. மனசுக்குள்ள கூட என்னைத் திட்டாதீங்க.”

கடைசிக் கட்டளைக்கு மட்டும் நான் கட்டுப்படவில்லை. வெயில் இறங்கியது. காற்று அவன் சொன்ன மாதிரியே சரிவில் வழிந்து என் பக்கம் வந்தது. அவன் மேலேயிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விபூதியைத் தூவினான். மெல்லிய வெள்ளைப் புகை மிதந்து வந்து என் முகத்தில் படிந்தது. முதல் தடவை தும்மலை அடக்கினேன். இரண்டாவது தடவை ஏதோ தெரிந்த வாசனை. மூன்றாவது தடவை எழுந்து நின்றுவிட்டேன்.

“டேய்! இறங்குடா கீழ!”

“சார், சத்தம்…”

“சத்தமாவது மண்ணாவது! அந்த விபூதியக் காட்டு! எங்க வாங்கின?”

“பழனியிலருந்து மாமனார் கொண்டாந்ததுங்க. நல்ல நைஸுங்க சார், பஞ்சாட்டம் மிதக்கும்.”

“ஜவ்வாதுடா! கமகமன்னு ஜவ்வாது! ஒன்றரை மாசமா ஊரையே பட்டினி போட்டு, பெருங்காயத்தை நிறுத்தி, என் வீட்டுல கடுகு வெடிக்க வச்சு, இங்க வந்து மலை முழுக்க ஜவ்வாது ஊதிக்கிட்டு இருக்கியா? இந்த மாநிலத்துல இருக்கிற மான் அத்தனைக்கும் உன் மாமனார் ஊர் தெரிஞ்சிருக்கும்டா!”

அவன் டப்பாவை மூக்கருகே கொண்டுபோய் உறிஞ்சினான். மறுபடி உறிஞ்சினான். பிறகு ரொம்பச் சின்னக் குரலில் சொன்னான்: “எனக்கு ஒண்ணும் தெரியலீங்களே சார்.”

“தெரியலன்னா?”

“எனக்கு சைனஸுங்க. மூக்கு அடைச்சுப் பத்து வருசமாச்சு. வாசமே தெரியாதுங்க.”

நான் பாறையில் உட்கார்ந்துவிட்டேன். ஊர் முழுக்க மோப்பம் மோப்பம் என்று கூப்பிட்ட ஆளுக்கு மூக்கே வேலை செய்யவில்லை. அவன் உறிஞ்சியதெல்லாம் மூச்சுக்காக. வீட்டில் எந்த வாசனை போயிற்று, எது மிச்சம் என்று அவனுக்குத் தெரியவே தெரியாது. தெரியாததால்தான் எல்லாவற்றையும் தடை செய்திருக்கிறான். திரும்பி வந்து செல்வியிடம் கத்தினேன். “உங்களுக்கெல்லாம் தெரியும்னு நெனச்சேன் அங்கிள்” என்றாள். “மீன் கருகினாக்கூட நான் சொன்னாத்தான் அவருக்குத் தெரியும்.”

ஒரே ஒரு சனிக்கிழமை மிச்சம். அந்த வாரம் முழுக்க அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. வில்லுக்கு எண்ணெய் போடுவதும் துடைப்பதுமாக, பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறவன் மாதிரி இருந்தான். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கடைசிச் சனிக்கிழமை, காட்டோரம் கார் நிறுத்துகிற இடத்தில் சில காய்ந்த செடிகளைக் கவனித்தேன். நம் ஊர் எருக்கங்காய் மாதிரியே காய், வெடித்து உள்ளே பட்டுப் பஞ்சு. ஒரு இழையை எடுத்து ஊதினேன். வாசனை கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் மிதந்துகொண்டே போயிற்று. இரண்டு காய்களைப் பறித்து அவன் சட்டைப் பையில் திணித்தேன். விபூதி டப்பாவை என் பையில் போட்டுப் பூட்டினேன்.

“இத ஊது. வாயத் திறந்து பேசின, நான் நடந்தே பிஸ்கட்டவே போயிடுவேன்.”

நாலு மணி சுமாருக்கு மேட்டிலிருந்து மூன்று மான்கள் இறங்கின. நான் மூச்சு விடவில்லை. முன்னால் வந்த பெட்டை அவன் மரத்துக்கு இருபது கெஜத்தில் நின்று தரையை மேய்ந்தது. இந்தப் பைத்தியக்காரன் வில்லை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கிறான், விடவே மாட்டேன் என்கிறான். ‘விடுடா, விடுடா’ என்று எனக்குள் கத்தினேன். சட்டென்று ஒரு சின்னச் சத்தம், புத்தகத்தை மூடுகிற மாதிரி. மான்கள் மூன்றும் பாய்ந்து மறைந்தன.

இறங்கி வந்தவன் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றான். உடனே துரத்தினால் அடிபட்ட மான் வெகுதூரம் ஓடித் துன்பப்படுமாம். அந்த அரை மணி நேரமும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சருகில் சிவப்புச் சொட்டு சொட்டாகப் பார்த்துக்கொண்டு இருவரும் குனிந்து நடந்தோம். ஓடைப் பக்கம் கிடந்தது. துடிக்கவில்லை. மோப்பம் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் குந்தினான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். சைனஸ் என்று நினைத்துக்கொண்டேன்.

வயிற்றைக் கீறி உள்ளே இருப்பதை எடுக்காமல் கொண்டுபோகக் கூடாது. கறி கெட்டுவிடும். நான் திரும்பி நின்றுகொண்டேன். ஆனால் ஒன்று மட்டும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“இரைப்பையில என்ன இருக்கு, பாரு.”

“எதுக்குங்க சார்?”

“பாருன்னா பாரு! அவரை இருக்கா?”

கத்தி கீறுகிற சத்தம் கேட்டது. “எல்லாம் ஓக் மரத்துக் கொட்டைங்க சார். அவரை ஒண்ணுங்கூட இல்லீங்க.”

“அப்ப நிரபராதி!” என்று கத்தினேன். மலை எதிரொலித்தது. “ரெண்டு வருஷம் பாடுபட்டு ஒரு நிரபராதியக் கொன்னுருக்கோம்! திருடன் இந்நேரம் என் கத்தரிச் செடிய மென்னுக்கிட்டு இருப்பான்!”

“அது பிஸ்கட்டவே மானுங்க சார்” என்றான் அமைதியாக. “அதுக்கு நம்மள நல்லாத் தெரியுமுங்க.”

ஓடையிலிருந்து கார் வரைக்கும் அத்தனையும் ஏற்றம். கயிற்றைக் கட்டி ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். முட்டைகூடத் தொடாதவன் மானை இழுத்துக்கொண்டு மலையேறினேன், ஐயா. அடித்த மானை வழியில் ஒரு கடையில் காட்டிப் பதிவு செய்ய வேண்டும், அது சட்டம். அங்கே இருந்தவன் மங்கி குல்லாயோடு நின்ற என்னிடம் கைகுலுக்கிப் பாராட்டினான். மறுத்துச் சொல்ல எனக்கு மூச்சு இல்லை.

செல்வி டிரைவ்வேயில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். காரின் பின்கதவைத் திறந்து காட்டினான். அவள் மானைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

“நெஜமாவே இவரு அடிச்சதுதானா அங்கிள்? நீங்க பார்த்தீங்களா?”

“பார்த்தேன்.”

“யாருகிட்டயும் வாங்கல?”

“ஒரே அம்பு. இருபது கெஜம். நான் பார்த்தேன்.”

அவள் உள்ளே போனாள். மோப்பம் காருக்குப் பக்கத்திலேயே குற்றவாளி மாதிரி நின்றான். இரண்டு நிமிடம் கழித்துச் சமையலறை ஜன்னல் வழியாகக் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டது. பின்னாலேயே பெருங்காயம். “என்ன வாசம் வருதுங்க சார்?” என்று கேட்டான். சொன்னேன். வில்லை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டான்.

தீபாவளி வந்தது, போயிற்று. வில் பிழைத்துவிட்டது. சாட்சி வேலை முடிந்தது, இனி யாரும் என்னைக் காட்டுக்கு இழுக்க முடியாது என்று தெருவில் எல்லோரிடமும் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு நான் வாசலில் நின்றேன். அவன் கார் வரவில்லை. பன்னிரண்டரைக்கு மூன்றாவது வீட்டிலிருந்து மெதுவாகக் கிளம்பி, என் வீட்டைத் தாண்டிப் போய், பிரேக் போட்டு, பின்னாலேயே வந்து நின்றது.

“சார்? நீங்க இனிமே வரமாட்டீங்கன்னு ஆன்ட்டி சொன்னாங்களே…”

“யாரு சொன்னா? அரை மணி நேரமாக் குளிர்ல நிக்கிறேன், ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணிச்சா உனக்கு? மனுஷனா நீ?”

கதவை அறைந்து சாத்தினேன். தெருமுனையில் ஆரம்பித்து, ஃப்ரீவே முழுக்க, மலையடிவாரம் வரை அவனை விடாமல் திட்டினேன். அந்த ஒன்றரை மணி நேரம் அவ்வளவு சீக்கிரம் முடிந்ததே கிடையாது.